பட்டியலில் இல்லாத பெயர்

ஆகஸ்ட் 4, திங்கள்

வீட்டு டெலிபோனை இன்று ஒப்படைத்துவிட்டு வந்தேன். கேபிள் செத்து ரொம்ப நாளாயிற்று. தெருவில் என் வீட்டைத் தவிர வேறு யாருக்கும் லைன் கிடையாது. ஒரு வீட்டுக்காக எவன் குழி தோண்டுவான்? லைன்மேனாகச் சங்கரன்கோவில் பூராவும் கம்பம் ஏறி இறங்கியவன் வீட்டிலேயே லைன் இல்லை. வாத்தியார் பிள்ளை மக்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

பூரணம் கருவியைக் கொடுக்க மனசில்லாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பட்டன்களைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஐந்தாம் எண்ணில் ஒரு சின்னப் புள்ளி மேடாக இருக்கும். பார்வை இல்லாதவர்கள் அதை வைத்துத்தான் மற்ற எண்களைக் கண்டுபிடிப்பார்கள். அதில் விரலை வைத்தபடியே, "இது பாட்டுக்கு இருந்துட்டுப் போவட்டுமே. இது என்ன சோறா கேக்கு?" என்றாள். லைன் போன கருவி எதற்கு என்று வாங்கிக்கொண்டு போனேன்.

அவளுக்குப் போன் போட்டுப் பேச யார் இருக்கிறார்கள்? கூடப் பிறந்தவர்கள் இல்லை. என் பக்கத்து உறவுக்காரர்கள் என்னிடம்தான் பேசுவார்கள். வீட்டில் புருஷன் பெண்டாட்டி நாங்கள் இரண்டு பேர்தான்.

ஆகஸ்ட் 6, புதன்

திருநெல்வேலிக்குப் போய்க் கண் டாக்டரைப் பார்த்தோம். கண்ணுக்குள் அழுத்தம் கூடி நரம்பு பட்டுப்போய்விட்டதாம். "போன பார்வை போனதுதாம்மா. இருக்கிறதைக் காப்பாத்தப் பாக்கலாம்" என்றார். இருக்கிறது என்றால் வெளிச்சமும் நிழலும்தான். முன்னால் ஆள் வந்து நின்றால் தெரியும், யார் என்று தெரியாது. பூரணம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும் மத்தியானச் சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று கேட்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கண்டக்டரிடம், "ஆடித்தபசு ஊருக்கு ரெண்டு" என்றாள். சங்கரன்கோவில் என்கிற ஊர்ப் பெயரில் சங்கரன் என்ற என் பெயர் இருக்கிறதே. புருஷன் பெயரைச் சொன்னால் அவன் ஆயுள் குறைந்துவிடும் என்று அவள் அம்மா சொல்லி அனுப்பியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இந்த ஊர்ப் பெயரைச் சொன்னதே இல்லை. கண்டக்டர் சிரித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தான். இந்தப் பக்கத்துப் பஸ்காரர்களுக்கு இது புதிதல்ல. எனக்கும் உள்ளுக்குள் ஒரு பெருமைதான், மறைப்பானேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆடித்தபசு, ஊர் அம்மன் கோயில் திருவிழா. ஒலிபெருக்கியில் நாள் முழுக்க அம்மன் பெயர். ஜன்னலைச் சாத்தி வைத்தேன். கோயிலுக்குப் போகவில்லை. போய் எட்டு வருஷமாகிறது.

ஆகஸ்ட் 9, சனி

ஆவணி பிறந்தால் எனக்கு மூச்சுவிட நேரமிருக்காது. ரிட்டயர் ஆனபின் கல்யாண மண்டபத்தில் மேனேஜர் வேலை பார்க்கிறேன். பெயர்தான் மேனேஜர். சாவி கொடுப்பது, சாவி வாங்குவது, பந்தியில் வாளி தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை அதட்டுவது. முகூர்த்த நாளில் விடியுமுன் போனால் சாயங்காலம்தான் வீடு. அதுவரை பூரணம் தனியாக இருக்க வேண்டும். விழுந்தாலோ, மயக்கம் வந்தாலோ என்னைக் கூப்பிட ஒரு வழி வேண்டும். அவளுக்குச் சர்க்கரை வேறு இருக்கிறது.

மாரிராஜின் செல்போன் கடைக்குப் போனேன். "அக்காவுக்குன்னா பட்டன் போனே போதும் அண்ணாச்சி. நடுவுல புள்ளி இருக்கும். தடவிப் பாத்தே அடிச்சிருவாக" என்றான்.

"ஏலே, டெலிபோன் டிபார்ட்மென்ட்ல இருந்தவன் பொண்டாட்டி கையில பட்டன் போனா? பேசினா கேக்குமாமே, அதை எடு."

வழவழவென்று கண்ணாடி போட்ட போனை எடுத்துக் கொடுத்தான். எக்ஸ்சேஞ்சிலிருந்து கொண்டுவந்த பழைய வண்ணக் கம்பி கொஞ்சம் பரணில் கிடந்தது. அதைத் திரித்து, போனுக்கு உறை தைத்து, கழுத்தில் தொங்கும்படி மாட்டிவிட்டேன். பூரணம் தடவிப் பார்த்து, "இது என்ன, தாலிக்குத் துணையா?" என்றாள்.

ஆகஸ்ட் 13, புதன்

தினமும் காலையில் காபிக்குப் பிறகு பாடம். முதல் பாடம் பாதுகாப்பு. ஈரக் கையால் தொடாதே. சார்ஜில் இருக்கும்போது பேசாதே. அடுப்புப் பக்கம் வைக்காதே, பேட்டரி சூடேறினால் உப்பிவிடும். தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்காதே. யாராவது பேசி ரகசிய எண் கேட்டால் சொல்லாதே. பூரணம் வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்கிறாள். நடுவில் ஒன்றை விட்டுவிட்டால் முதலிலிருந்து சொல்லச் சொல்கிறேன்.

இரண்டாம் பாடம் வசதிகள். யார் கூப்பிடுகிறார்கள் என்று போனே பெயர் சொல்லும்படி வைத்துவிட்டேன். அழைப்பு வந்தால் கண்ணாடியைத் தேட வேண்டாம், பக்கத்தில் இருக்கும் மேல் பட்டனை அமுக்கினால் பேசலாம். கீழ்ப் பட்டனை அழுத்திப் பிடித்தால் உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "சொல்லுங்கள்" என்கிறது. மணி கேட்டால் மணி சொல்கிறது. யாரைக் கூப்பிட வேண்டும் என்று சொன்னால் கூப்பிடுகிறது.

"உள்ள இருக்க பிள்ள நல்லாத்தான் பேசுது" என்றாள் பூரணம். முகத்தில் கொஞ்சம் வெளிச்சம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

சிக்கல் வந்துவிட்டது. அவள் என் பெயரைச் சொல்ல மாட்டேன் என்கிறாள்.

"சங்கரனைக் கூப்பிடுன்னு சொல்லு. அவ்வளவுதான்."

"அது எப்படிங்க வாயில வரும்?"

"பிள்ளையார் பேரைச் சொல்லுதேல்லா, முருகன் பேரைச் சொல்லுதேல்லா, அது மாதிரிதான்."

"நம்ம கோயில் சாமி பேரச் சொன்னதுண்டா நான்? பேரு சொல்லாமத்தான் கும்புட்டுட்டு வந்துருவேன்."

அரை மணி நேரம் மல்லுக்கட்டினேன். பட்டனை அழுத்துவாள், அந்தப் பெண் "சொல்லுங்கள்" என்பாள், இவள் வாயைத் திறந்து மூடுவாள். "எனக்குப் புரியவில்லை" என்று அது சொன்னதும், "எனக்குந்தாம்மா" என்றாள். சிரிப்பு வந்தது, கோபமும் வந்தது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அவமானம். அவசரத்துக்கு என்று ஒரு வசதி. அந்தக் கீழ்ப் பட்டனை விடாமல் தட்டினால் போலீசுக்குப் போய்விடும். பூரணம் மணி கேட்பதற்காகப் பட்டனைத் தட்டியிருக்கிறாள். அங்கிருந்து திருப்பிக் கூப்பிட்டு, "என்ன பிரச்சனைம்மா? வீட்ல யாராவது அடிக்காங்களா?" என்று கேட்கிறார்கள். நான் வாங்கிப் பேசி விளக்குவதற்குள் வேர்த்து வழிந்துவிட்டது. அந்த வசதியை நிறுத்திவிட்டேன். "எதுவானாலும் எனக்கு அடி. போலீசோ ஆம்புலன்ஸோ, நான் கூப்பிட்டுக்கிடுவேன்" என்று சொல்லிவிட்டேன். வீட்டு விஷயம் ஒரு ஆள் வழியாகப் போவதுதான் பாதுகாப்பு.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

பக்கத்து வீட்டு ரஹ்மத் முறுக்கு கொண்டுவந்தவள், பாடத்தை நின்று வேடிக்கை பார்த்தாள். "அண்ணாச்சி, உங்க நம்பரை 'அவுக'ன்னு போட்டு வச்சிட்டா மதினிக்குச் சுளுவா இருக்கும்லா?" என்றாள். மாரிராஜும் இதையேதான் சொன்னான். நான் ஒத்துக்கொள்ளவில்லை. என் பெயர் என்ன கெட்ட வார்த்தையா? கவர்மென்ட் சர்வீஸில் சங்கரன் என்றால் ஒரு மரியாதை இருந்தது. பழகினால் வந்துவிடும். சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்.

"என் நம்பரையும் போட்டு வைங்க அண்ணாச்சி" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவளுக்குப் போன் எதற்கு, ஒரு குரல் கொடுத்தால் போதாதா என்று சொல்லி அனுப்பினேன். ரஹ்மத் நல்லவள்தான். ஆனால் ஊரில் யார் யாரோடு பேசுகிறார்கள், யாருக்குச் செய்தி கொண்டுபோகிறார்கள் என்று எனக்குத் தெரியாமலா இருக்கிறது?

ஆகஸ்ட் 21, வியாழன்

பெயர் வேண்டாம், என் எண்ணைச் சொல்லட்டும் என்று நினைத்தேன். போன் அதையும் கேட்டுக்கொள்ளும். "பத்து எண்ணையும் ஒவ்வொண்ணா சொல்லு பாப்போம்" என்றேன்.

பட்டனை அழுத்தினாள். நிறுத்தாமல், தடுமாறாமல், பத்து எண்களைக் கடகடவென்று சொன்னாள். நான் அவளைப் பாராட்ட வாயெடுத்தேன். அது என் எண் இல்லை.

மணி போயிற்று. எடுத்தார்கள். "ஹலோ, யாரு?" என்று ஒரு பெண் குரல். பூரணம் கையில் போனை இறுகப் பிடித்திருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தக் குரல், "அம்மாவா?" என்றது.

தவறான எண். வாங்கிக் கட் செய்துவிட்டேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

அந்தத் தவறான எண்ணிலிருந்து நேற்று முழுக்க அழைப்பு வந்துகொண்டே இருந்தது. வேண்டாத எண்ணைத் தடுத்து வைக்க வசதி இருக்கிறது, மூன்று புள்ளிகளைத் தொட்டால் வரும். தடுத்துவிட்டேன். இனி அது அடித்தாலும் இந்தப் பக்கம் மணி கேட்காது. அதோடு, பட்டியலில் இருக்கும் எண்ணுக்கு மட்டுமே இங்கிருந்து போகும்படி ஒரு பூட்டும் உண்டு. அதையும் போட்டேன். பார்வை இல்லாதவள் கை தவறி எதையாவது தொட்டு எங்கெங்கோ போய்விடக்கூடாது அல்லவா. பட்டியலில் இப்போது ஒரே பெயர். குழப்பத்துக்கு இடமில்லை.

வீட்டு டெலிபோன் இருந்தபோது நான் மண்டபத்துக்குப் போன நாட்களில் மத்தியானம் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று இப்போது தோன்றுகிறது. கேட்கவில்லை. அவள் ரசம் வைத்திருந்தாள், உப்பு இல்லை.

ஆகஸ்ட் 25, திங்கள்

குளித்துவிட்டு வரும்போது அவள் பேசுவது கேட்டது. பதறி எட்டிப் பார்த்தேன். போனுக்குள் இருக்கும் குரலோடு பேசிக்கொண்டிருக்கிறாள்.

"சாப்பிட்டியாம்மா?"

"எனக்கு உணவு தேவையில்லை. நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்றது அது.

"சாப்பிடாம இருக்காத தாயி. நேரத்துக்குச் சாப்பிடணும். பிள்ளைகள வச்சிக்கிட்டு உடம்பக் கெடுத்துக்கிடாத."

எனக்கு எரிச்சலாக இருந்தது. பேட்டரி வீணாகிறது என்று சத்தம் போட்டேன். எந்தப் பிள்ளைகள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

முகூர்த்தம். போன் வரவில்லை. வீட்டில் எல்லாம் சரி என்று அர்த்தம்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இன்றும் முகூர்த்தம். மண்டபத்தில் நாதஸ்வரச் சத்தத்தில் கேட்காமல் போய்விடக்கூடாது என்று என் போனைச் சட்டைப்பையில், முழுச் சத்தத்தில், அதிரும்படியும் வைத்திருக்கிறேன். நெஞ்சுக்கு நேரே கையை வைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். நெஞ்சு வலியா என்று சமையல் மாஸ்டர் கேட்டார். நான் அவளைக் கூப்பிடுவதில்லை. மணி அடித்தால் பதறி எழுந்து, தடுக்கி விழுந்து வைப்பாள். அதனால் அவள்தான் என்னைக் கூப்பிட வேண்டும் என்று ஏற்பாடு.

வரவில்லை. நல்லது.

செப்டம்பர் 3, புதன்

பாடம் நடந்தது. இன்று பூரணம் கிட்டத்தட்டச் சொல்லிவிட்டாள். "ச" என்று ஆரம்பித்து, கண்ணை மூடிக்கொண்டு, வேர்த்துப்போய் நிறுத்தினாள். எனக்கே பாவமாக இருந்தது. தண்ணீர் கொடுத்தேன்.

குடித்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "முன்ன கூப்பிட்ட மாதிரி கூப்பிட்டுக்கிடட்டுமாங்க? அந்தப் பேரப் போட்டு வச்சிருங்களேன். அதுன்னா தன்னால வந்துரும்."

இந்தப் பக்கத்தில் பெண்கள் புருஷனை மூத்த பிள்ளையின் பெயரைச் சேர்த்துத்தான் அழைப்பார்கள். இன்னாருடைய அப்பா என்று. அவளும் அப்படித்தான் அழைத்துக்கொண்டிருந்தாள். எட்டு வருஷமாக "இந்தாங்க", "ஏங்க" என்று மொட்டையாகக் கூப்பிடுகிறாள். அதைப் பற்றி இங்கே எழுத அவசியமில்லை. தலைமுழுகியாயிற்று என்றால் ஆயிற்றுதான்.

"அந்தப் பேரு இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அந்தப் பக்கம் ரஹ்மத் பாத்திரம் கழுவுவதை நிறுத்தியது கேட்டது.

பூரணம் போனைக் கழுத்துக்குள் விட்டுக்கொண்டு எழுந்து போனாள்.

செப்டம்பர் 4, வியாழன் (மண்டபத்தில்)

பெரிய இடத்துக் கல்யாணம். பந்தி முடிய மூன்று மணியாகும். பெண்ணின் அப்பா தாரை வார்க்கும்போது தேம்பித் தேம்பி அழுதார். மனுஷன் லாரி ஓட்டுபவர், ஆள் பார்க்க முரடு. எனக்கு அங்கே நிற்கப் பிடிக்கவில்லை. ஆபீஸ் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

இதுவரை போன் வரவில்லை. நிம்மதி. நேற்று கத்தியிருக்க வேண்டாம். போகும்போது அல்வா வாங்கிக்கொண்டு போகலாம். சர்க்கரை இருந்தாலும் ஒரு துண்டு தின்றால் ஒன்றும் ஆகாது.

செப்டம்பர் 6, சனி

திருநெல்வேலி ஆஸ்பத்திரி. பூரணம் பின்வாசல் துவைகல் பக்கம் விழுந்து கிடந்தாள். இடுப்பு எலும்பு முறிந்திருக்கிறது. தலையில் அடி, உள்ளே ரத்தம் கட்டியிருக்கிறதாம். நேற்று முன்தினம் காலையில் விழுந்தவளை நான் சாயங்காலம்தான் பார்த்தேன். முன்னாலேயே கொண்டுவந்திருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்தார், முடிக்கவில்லை.

போன் அவள் கழுத்தில்தான் இருந்தது. கண்ணாடியில் கீறல் கூட இல்லை. சார்ஜ் பாதிக்கு மேல் இருந்தது. நன்றாக வேலை செய்தது.

செப்டம்பர் 7, ஞாயிறு

பேச்சில்லை. கண் திறப்பதும் இல்லை. வலது கை மட்டும் போர்வை மேல் நகர்கிறது. விரலால் தடவுகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி தடவுகிறாள். வலிப்பாக இருக்கலாம் என்றாள் நர்ஸ். வலிப்பு இல்லை. நடுவில் இருக்கும் புள்ளியைத் தேடுகிறாள்.

செப்டம்பர் 8, திங்கள்

ரஹ்மத் பார்க்க வந்தாள். கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"அன்னைக்குக் காலையில மதினி சத்தம் கேட்டுச்சு அண்ணாச்சி. ஒரே பேரையே சொல்லிக்கிட்டு இருந்தாக. அந்தப் போன்ல இருக்க பொம்பளையும் பதில் சொல்லிக்கிட்டே இருந்துச்சு. தெனமும் காலையில நீங்க பாடம் நடத்துவீகள்லா. மதினி தனியா இருந்து படிக்காகன்னு நெனச்சிட்டேன். பாவி நான் எட்டிப் பாக்கலையே."

"என்ன பேரு?"

அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மறுபடி கேட்டேன்.

"கோமதிப்பா, கோமதிப்பான்னு... அது, 'அந்தப் பெயர் உங்கள் பட்டியலில் இல்லை'ன்னு சொல்லும். மதினி மறுபடி, 'கோமதிப்பாவக் கூப்பிடு தாயி'ம்பாக. அது மறுபடியும் இல்லைங்கும். கெஞ்சுத மாதிரி சொன்னாக. நான் படிப்புன்னு நெனச்சேன்."

என் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஐந்தே எழுத்துதான். ஆயுள் குறைந்தால் குறைந்துவிட்டுப் போகிறது. சொல்லியிருக்கலாம்.

செப்டம்பர் 10, புதன்

பூரணம் போய்விட்டாள்.

செப்டம்பர் 11, வியாழன்

எடுப்பதற்கு முன்னால் ரஹ்மத் என் பக்கத்தில் வந்து நின்று, "பிள்ளைக்குச் சொல்லணும்லா அண்ணாச்சி? எனக்கு நம்பர் தெரியாது, யார்ட்ட கேக்கணும்னு சொல்லுங்க, கேக்கேன்" என்றாள். இத்தனை நாளும் இவள்தான் செய்தி கொண்டுபோகிறாள் என்று நினைத்திருந்தேன். அவளுக்கு எண்ணே தெரியவில்லை.

"எந்தப் பிள்ளைக்கு?" என்றேன்.

என் அண்ணன் மகன் கொள்ளிச்சட்டி தூக்கினான். மழை வரும் போலிருந்தது, அதனால் சீக்கிரம் எடுத்துவிட்டோம்.

செப்டம்பர் 12, வெள்ளி

காடாற்று. சாம்பலை ஆற்றில் கரைத்துவிட்டு வந்தேன். ஆற்றில் கணுக்கால் தண்ணீர்தான் ஓடியது. திரும்பும்போது கண்டக்டர், "எங்க போகணும்?" என்றான். எனக்குச் சட்டென்று ஊர்ப் பெயர் வாயில் வரவில்லை. பின்னால் நின்றவர்கள் முனகினார்கள். "ஆடித்தபசு ஊருக்கு ஒண்ணு" என்றேன். டிக்கெட்டைக் கொடுத்துவிட்டு அவன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான்.

செப்டம்பர் 15, திங்கள்

வீட்டில் வேலை எதுவும் இல்லை. அடுப்பு பற்ற வைக்கவில்லை. ரஹ்மத் சோறு கொடுத்தனுப்புகிறாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை, பாத்திரத்தைக் கழுவி வாசலில் வைத்துவிடுகிறேன்.

பூரணத்தின் புடவைகளை எடுத்து வைத்தேன். எட்டு வருஷத்துக்கு முன் வீட்டை விட்டுப் போனவளின் தாவணி ஒன்று அவள் புடவைக்குள் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அதை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

இத்தனை நாளும் சார்ஜ் போட்டுவந்த அவள் போனை அணைத்து வைக்கலாம் என்று எடுத்தேன். அணைப்பதற்கு முன் எல்லா வசதிகளையும் ஒருமுறை பார்த்தேன். பழக்கதோஷம். கம்பத்திலிருந்து இறங்கும் முன் லைனைச் சோதித்துவிட்டுத்தான் இறங்குவேன்.

தடுத்து வைத்த எண் அழைத்தால் மணி கேட்காதே தவிர, அழைப்பு உள்ளே ஒரு பக்கத்தில் தேதியோடு விழுந்துகொண்டுதான் இருக்கும். இது எனக்குத் தெரியாது. இன்றுதான் பார்த்தேன். ஆகஸ்ட் 22க்குப் பிறகு ஒரு நாள் விடாமல் இருக்கிறது. எல்லாம் மத்தியான நேரம். வீட்டு டெலிபோனில் அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரமாக இருக்க வேண்டும்.

செப்டம்பர் 4, வியாழக்கிழமையும் இருக்கிறது. பந்தி நடந்துகொண்டிருந்த நேரம். நான் ஆபீஸ் அறையில் உட்கார்ந்து நிம்மதி என்று எழுதிய நேரம். பூரணம் துவைகல் பக்கத்தில் கிடந்தாள், போன் கழுத்தில் இருந்தது. மணி அடித்திருந்தால் மேல் பட்டனை அமுக்கியிருப்பாள். அந்தப் பாடம் அவளுக்கு நன்றாக வந்திருந்தது. விரல் தானாகப் போகும்.

தடுப்பை நீக்கினேன். பூட்டையும் எடுத்தேன். எண்ணைச் சேமிக்கப் பெயர் கேட்டது. கோமதி என்று போட்டேன். கண்ணாடியில் எழுத்து ஒவ்வொன்றாகத் தொட வேண்டியிருந்தது. தப்புத் தப்பாக விழுந்தது. அழித்து அழித்துப் போட்டேன். பிறகு என் எண்ணை எடுத்து, சங்கரன் என்று இருந்ததை அழித்துவிட்டு, கோமதிப்பா என்று மாற்றினேன். எதற்கு என்று தெரியவில்லை. இனி அந்தப் போனில் என்னைக் கூப்பிட யாரும் இல்லை.

நானே கூப்பிட்டுச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் பெயர் வரை வந்தேன். தொடவில்லை. அணைக்கவும் இல்லை. சார்ஜில் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 17, புதன்

மத்தியானம் ரஹ்மத் கொடுத்த சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். போன் அடித்தது. நான்தான் அப்படி வைத்துக் கொடுத்திருந்தேன், மணிக்கு நடுவில் அந்தப் பெண் குரல் சத்தமாகப் பெயர் சொன்னது. "கோமதி அழைக்கிறார். கோமதி அழைக்கிறார்." எட்டு வருஷத்துக்கு அப்புறம் வீட்டுக்குள் அந்தப் பெயர், ஊர் அம்மனின் பெயர். சுவருக்கு அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது, நின்றுவிட்டது.

ஈரக் கையால் தொடக்கூடாது. சார்ஜில் இருக்கும்போது பேசக்கூடாது. சோற்றுக் கையோடு, வயரைக் கூடப் பிடுங்காமல், மேல் பட்டனை அமுக்கினேன்.

"அம்மா! அம்மா, எடுத்துட்டியா?" அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. பின்னால் சின்னக் குழந்தை ஒன்று எதையோ தட்டிக்கொண்டிருந்தது. "எத்தன நாளா அடிக்கேன், எடுக்கவே மாட்டேங்க. என்னம்மா ஆச்சு? ஏம்மா பேச மாட்டேங்க?"

நான் யார் என்று சொல்ல வேண்டும். அப்பா என்று சொல்ல வாய் வரவில்லை. சங்கரன் என்று மகளிடம் எப்படிச் சொல்வது.

"கோமதிப்பா பேசுதேன்" என்றேன்.

அந்தப் பக்கம் குழந்தையின் சத்தம் மட்டும் வந்தது.

"அம்மாட்ட குடுங்க" என்றாள்.